உள்ளங்கையில் ஒரு மோட்டார் வண்டி

பெங்களூரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் பூங்காக்களையும், தண்ணென்ற காற்றையும், பழைய மாளிகைகளையும் பாராட்டி எழுதுவர். அண்மைக் காலத்தவராயின் கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களையும், சாலை நெரிசலையும் சேர்த்துக்கொள்வர். இவை யாவும் உண்மையே. ஆயினும் பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்து, இதனையே இரண்டாம் தாயகமாகக் கொண்டுவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் வேறொரு முகத்தைக் காட்ட விரும்புகிறோம். பெரிய பொருளைச் சிறிதாக்கிப் பார்க்கக் கற்ற நகரம் இது. விமானத்தைக் கையளவாக்கிக் காற்றின்முன் நிறுத்தி ஆராய்ந்த கூடம் இங்கே உண்டு. ஓரிரு மணிப் பயணத் தொலைவில், மரத்தைக் கடைந்து வண்டியும் வண்டிக்காரனும் செய்யும் ஊர் உண்டு. இவற்றுக்கிடையே, வீட்டு மேசையின்மேல் மோட்டார் கார்களைக் குறித்த அளவில் சிறிதாக்கிச் செய்து, வண்ணம் தீட்டி வைக்கும் ஓய்வுநேரக் கலையும் ஓசையின்றி வளர்ந்து வருகிறது.

"கார் பொம்மை செய்வதும் ஒரு கலையா? படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அக்கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. அதற்கு விடை தேடியே, விடுமுறை நாட்கள் சிலவற்றில் நகரினுள்ளும் வெளியிலும் சுற்றினோம். கண்டதையும் கேட்டதையும் இங்கே தொகுத்துரைக்கிறோம்.

கஸ்தூரிபா சாலையில்

முதலில் கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூரிபா சாலைக்கு வருவோம். விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் இங்கேதான் உள்ளது. பொறியியல் மேதை விசுவேசுவரய்யா நூறாண்டைக் கடந்து வாழ்ந்து 1962 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டு ஜூலை 14 அன்று அவர் பெயர் தாங்கிய இக்கட்டடத்தைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். இன்று விடுமுறை நாளில் இதனுள் நுழைந்தால் பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரத்தில் நம் குரலே நமக்குக் கேளாது.

இங்குள்ள காட்சிப் பொருள்களுள் ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரியும் ஒன்று. உண்மையான விமானம் எத்தனை பெரிதோ அத்தனை பெரிதாகவே இதனைச் செய்திருக்கிறார்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு ஏறக்குறைய 12.3 மீட்டர். இதனையே எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறுக்கினால் 17 சென்டிமீட்டராகும். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் அடங்கிவிடும். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் அவ்விமானத்தின் அடியில் நின்று இக்கணக்கை அவர்களையே போடச் சொல்லலாம். விகிதம் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் வாழும் பொருளன்று என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிடும்.

பழைய விமான நிலையச் சாலை வழியே சென்றால் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் 2001-ல் அமைத்த அருங்காட்சியகத்தைக் காணலாம். செருமானியப் பொறியாளர் கூர்ட் டாங்க் தலைமையில் இந்நகரில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த 'மாருத்' போர் விமானம் அங்கே காட்சிக்கு உள்ளது. இவ்விமானத்தை உலோகத்தில் வடிப்பதற்கு முன்னரே, அதன் உருவத்தை மரத்தில் செய்து, பொறி பூட்டாமல், வேறொரு விமானத்தின் பின்னே கட்டி இழுத்து, 1959-ல் வானில் மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். பெரியதைத் துணிவதற்கு முன் மாதிரியில் பிழை தேடும் வழக்கம் அது. இந்நகரின் நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் என்னும் ஆய்வகத்தில் 1967 முதல் இயங்கிவரும் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கமும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான். ஒலியின் வேகத்திற்குக் குறைந்தும், அதனை ஒட்டியும், அதனை மிஞ்சியும் பாயும் காற்றில், விமானங்கள் ராக்கெட்டுகள் ஆகியவற்றின் சிறு மாதிரிகளை நிறுத்தி அங்கே அளந்து பார்க்கிறார்கள். ஆகவே 'மாதிரி செய்வது சிறுபிள்ளை வேலை' என்ற சொல் பெங்களூரில் எடுபடாது.

அளவின் கணக்கு

கடையில் விற்கும் கார் பொம்மைக்கும், நாம் கூறும் அளவுமாதிரிக்கும் உள்ள வேறுபாடு என்ன? பொம்மை காரைப் போல இருந்தால் போதும். அளவுமாதிரியோ காரின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்ட வேண்டும். சக்கரம் ஒரு விகிதத்திலும் கூரை வேறொரு விகிதத்திலும் இருந்தால் அது அழகாயிருந்தாலும் அளவுமாதிரி ஆகாது.

நம் அனைவர்க்கும் பழகிய அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். பதினெட்டில் ஒரு பங்காகச் செய்தால் 24 சென்டிமீட்டர். இருபத்து நான்கில் ஒரு பங்காயின் 18 சென்டிமீட்டர். நாற்பத்து மூன்றில் ஒரு பங்காயின் 10 சென்டிமீட்டர். அறுபத்து நான்கில் ஒரு பங்காயின் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உலகெங்கும் கார் மாதிரி செய்வோர் பெரும்பாலும் கையாளும் அளவுகள் இவையே. நீளம் இருபத்து நான்கில் ஒன்றாகும்போது கன அளவு 13,824-ல் ஒன்றாகிவிடும். ஆகவே 1,100 கிலோ எடையுள்ள அவ்வண்டியை அதே இரும்பால், அதே விகிதத்தில் செய்ய இயன்றால், அதன் எடை வெறும் 80 கிராம்!

இருபத்து நான்கு என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கு. நாற்பத்து மூன்று என்னும் ஒற்றைப்படை எண் எங்கிருந்து வந்தது என்று சிலர் வியக்கலாம். இங்கிலாந்தில் விளையாட்டு ரயில் செய்தோர் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்திருந்தனர். ஓர் அடிக்கு 304.8 மில்லிமீட்டர், அதனை ஏழால் வகுத்தால் ஏறக்குறைய நாற்பத்து மூன்றரை வரும். லிவர்ப்பூல் நகரத்துப் பிராங்க் ஹார்ன்பி என்பாரின் தொழிற்சாலையிலிருந்து, அந்த ரயில் நிலையங்களின் அருகே நிறுத்துவதற்கென்றே சிறு கார்கள் வெளிவந்தன. 1934 முதல் 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் பெற்றவை அவைதாம். ரயிலுக்குத் துணையாகப் பிறந்த கார், ரயிலை விஞ்சி உலகைச் சுற்றி வந்தது. 1960களின் பிற்பகுதியில் அதன் வார்ப்பச்சுகள் சில கல்கத்தாவுக்கே வந்து, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் இந்தியக் கார்களாக வார்க்கப்பட்டன. இன்று அவற்றைத் தேடித் தொகுப்போர் பல நாடுகளில் உள்ளனர்.

இங்கிலாந்தின் 'மேட்ச்பாக்ஸ்' கார்களின் கதையும் சுவையானது. ஜாக் ஓடெல் என்னும் பொறியாளரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்பது விதியாம். மகளுக்காகத் தந்தை தீப்பெட்டியில் அடங்கும் சாலை உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953-ல் பிறந்ததே அவ்வரிசை. ஜப்பானில் 1946-ல் மரவாணிபமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-ல் பிளாஸ்டிக்கில் ஒரு போர்க்கப்பல் மாதிரியை வெளியிட்டு, பின்னர் இத்துறையின் முன்னணிக்கு வந்தது. பெரிய தொழில்களின் வேர் ஒரு வீட்டின் மேசையிலோ, ஒரு மரக்கடையிலோ இருக்கக்கூடும் என்பதற்கு இவை சான்று.

செய்முறை

இனி வேலைக்கு வருவோம். பிளாஸ்டிக் உறுப்புகளைப் பிரித்து அடுக்கிய பெட்டிகள் விற்கின்றன. ஆனால் அவற்றுள் மேனாட்டு, ஜப்பானியக் கார்களே மிகுதி. நம் அம்பாசிடரையோ, சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ விரும்புவோர் தாமே மரத்தாலும் பிளாஸ்டிக் தகட்டாலும் செய்ய வேண்டும். அல்லது நம் நாட்டுக் கடைகளில் விற்கும் விளையாட்டுக் காரைப் பிரித்துத் திருத்தி, புது வண்ணம் தீட்ட வேண்டும். தொடக்கத்தார்க்கு இரண்டாவது வழியே ஏற்றது.

கருவிகளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. எஸ்.பி. சாலை என வழங்கும் சாதர் பத்ரப்பா சாலையின் கடைகளில் சிறு அரங்கள், இடுக்கிகள், கைத்துளைப்பான், வெர்னியர் காலிப்பர் எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து அவென்யூ சாலைக்கு நடந்தால் தூரிகையும், அட்டையும், பசையும் வாங்கலாம்.

முதலில் உறுப்புகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. அடுத்து, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்திலுள்ள கோட்டை நுண்ணிய உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து நீக்க வேண்டும். பசை இடுமுன் உறுப்புகளை வெறுமனே பொருத்திப் பார்ப்பது நல்லது. உட்புற இருக்கைகளையும் திசைமாற்றும் சக்கரத்தையும் முன்பே வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும். கூரையை மூடிய பின் தூரிகை உள்ளே நுழையாது.

வெளிப்புறத்திற்கு முதலில் சாம்பல் நிறப் பிரைமர். அது காய்ந்தபின் கண்ணுக்குத் தப்பிய கீறல்களெல்லாம் வெளிப்படும். அவற்றை மறுபடியும் தேய்த்துச் சமன் செய்து, பிறகே நிறம். இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். ஒரே பூச்சில் முடித்துவிட வேண்டும் என்னும் ஆசை எல்லார்க்கும் எழும். அவ்வாறு செய்தால் வண்ணம் கதவின் இடுக்குகளை நிரப்பிவிடும். மாதிரியின்மேல் அரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமாகப் பூசினால், முழுக் காரில் அது 1.2 மில்லிமீட்டர் கனமான சாந்துப் பூச்சுக்கு ஒப்பாகும். ஆகவே மெல்லிய பூச்சுகள் மூன்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் இடையே காயும் நேரம். இரு நிறமாயின் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னர். பிரிக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தை நகத்தால் நன்கு அழுத்திவிட வேண்டும்.

பெங்களூரின் தட்பவெப்பம் இவ்வேலைக்குப் பெரும்பாலும் துணை நிற்கும். கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த இவ்வூரில் சென்னையின் புழுக்கம் இல்லை. எனினும் மழைக்காலத்து ஈரக்காற்றில் சில வகை வண்ணங்கள் வெண்மை பூத்து மங்கிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களின் உலர்ந்த காலைப்பொழுது மிக ஏற்றது. கண்ணாடிகளைக் கடைசியில், வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும். நொடியில் ஒட்டும் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி பனி மூடியதுபோல் ஆகிவிடும். சக்கரத்தின் ரப்பரை உப்புத்தாளில் ஒருமுறை உருட்டினால் புதுப் பளபளப்பு நீங்கி, சாலையில் ஓடிய சக்கரமாகத் தோன்றும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வண்ணக் கரைப்பான்களின் ஆவி நுரையீரலுக்கு நல்லதன்று. சன்னலைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். தெளிப்பு வண்ணமாயின் மொட்டை மாடியே தக்க இடம். கூரிய கத்தி பிள்ளைகளின் கையில் இருக்கும்போது பெரியவர் அருகிருக்க வேண்டும்.

சென்னபட்டணம்

மைசூர்ச் சாலையில் கெங்கேரியையும், தட்டு இட்டிலிக்கும் கார்த் தொழிற்சாலைக்கும் பெயர் பெற்ற பிடதியையும், பாறைக் குன்றுகள் சூழ்ந்த ராமநகரத்தையும் கடந்து, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்றால் சென்னபட்டணம் வரும். கன்னடத்தார் இதனைப் 'பொம்மைகளின் ஊர்' என்ற பொருளில் 'கொம்பெகள ஊரு' என்பர். அவர்கள் கொம்பெ என்பதும் நாம் பொம்மை என்பதும் காதுக்கு உறவாகவே ஒலிக்கின்றன. ரயிலில் செல்வோர்க்குப் பயணமே ஒரு விருந்து.

திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞரிடமிருந்து இக்கலை இங்கு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் பவாஸ் மியான் என்பார் இதனை வளர்த்துப் புதுமுறைகளைச் சேர்த்தார் என்று இவ்வூரார் நன்றியுடன் போற்றுவர். பொம்மைக்கு உகந்த மரத்தை இங்கே 'ஆலெ மரம்' என்கிறார்கள். நம்மூர் வெட்பாலைதான் அது. தந்தம்போல் வெளுத்து, இழை நெருங்கிய மென்மரம். நன்கு உலர்த்திய கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் உருவம் வாங்குகிறார்கள். அது சுழலும்போதே நிறமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்த, உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிகிறது. பின்னர் தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, மெருகு ஏறுகிறது. மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும், அவுரியிலிருந்து நீலமும் எடுக்கும் முறை இங்குண்டு. தூரிகையின்றி, காயும் நேரமின்றி, ஒரு கைவீச்சில் வண்ணமும் மெருகும் ஏறும் இவ்வேலையைக் கண்டபோது, நாட்கணக்கில் பூச்சுக்குப் பூச்சுக் காத்திருக்கும் நம் மேசை வேலை நினைவுக்கு வந்து புன்னகைத்தோம்.

சென்னபட்டணத்துக் கார் எந்தக் காரின் அளவுமாதிரியும் அன்று. உருண்ட கூரை, நான்கு சக்கரம், உள்ளே ஒரு தலை. அவ்வளவே. அளவுமாதிரி செய்வோன் காரைப் பார்த்துக் காரைச் செய்கிறான். இவ்வூர்க் கடைசல்காரரோ குழந்தையின் கையைப் பார்த்துக் காரைச் செய்கிறார். வாயில் வைத்தாலும் தீங்கில்லாத வண்ணம், கூர்முனையில்லாத உடல், பிடிக்கத் தக்க பருமன்: இவையே அவருடைய அளவுகோல்.

2005–06-ல் புவிசார் குறியீடு பெற்ற இக்கலைக்கு இடர்கள் பல வந்துள்ளன. இறக்குமதியான மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைகள் நெடுங்காலம் இதனை நெருக்கின. 2020-ல் மைய அரசு பொம்மை இறக்குமதித் தீர்வையை 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 ஜனவரி முதல் தரமுத்திரையும் கட்டாயமாயிற்று. கைவினைஞர்க்கு இது ஒரு தடுப்புச் சுவர். ஆனால் சுங்க அட்டவணையில் அளவுமாதிரிகளும் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் அடங்குவதால், ஜப்பானியப் பெட்டியை விரும்பும் இளைஞனுக்கு அதே சுவர் விலையாக எழுந்து நிற்கிறது. ஒருவருக்கு நிழலாவது மற்றவர்க்கு மறைப்பாகிறது.

இன்னொரு மாற்றம் 2023 மார்ச்சில் வந்தது. பெங்களூரையும் மைசூரையும் இணைக்கும் புதிய விரைவுச் சாலை திறக்கப்பட்டது. அது பிடதி, ராமநகரம், சென்னபட்டணம் ஆகிய ஊர்களுக்குள் நுழையாமல் ஒதுங்கிச் செல்கிறது. பயணம் விரைவாயிற்று, பழைய சாலையோரப் பொம்மைக் கடைகளின்முன் நிற்கும் வண்டிகள் குறைந்தன. உண்மையான கார்கள் ஊரைத் தவிர்த்து ஓட, மரக் கார்கள் வாங்குவாரை நோக்கிக் கடையில் காத்திருக்கின்றன. மைசூர் செல்லும் நம் அன்பர்கள் ஒருமுறையேனும் பழைய சாலையில் திரும்பி, பட்டறையில் சற்று நின்று, ஒரு பொருளை வாங்கிச் செல்வார்களாயின் அது தருமமன்று. நல்ல பொருளுக்குத் தரும் நேர்மையான விலை.

புள்ளியின் அளவு

அல்சூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தையும் கண்டோம். அவ்வீட்டுப் பெரியவர் 1960களின் இறுதியில் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். இந்நகரின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கருவிப் பட்டறைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டு அதில் ஒரு கூறு பிசகினாலும் பொருள் கழிவுக்குப் போய்விடும் வேலை அது. நம்மவருள் எத்தனையோ பேர் இத்தகைய பட்டறைகளில் உழைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அப்பிள்ளைகள் இன்று கணிப்பொறியின்முன் அமர்ந்திருக்கிறார்கள். நல்ல வாழ்வுதான். ஆனால் தந்தையின் விரல்களுக்குத் தெரிந்திருந்த ஒரு கல்வி, கொடுப்பாரும் கொள்வாருமின்றி அவரோடேயே முடிந்துவிடும் நிலையில் இருக்கிறது.

பெரியவர் தம் பன்னிரண்டு வயதுப் பேத்தியோடு சேர்ந்து இருபத்து நான்கில் ஒரு பங்கில் ஓர் அம்பாசிடர் செய்துகொண்டிருந்தார். தெருவில் நின்ற பழைய அம்பாசிடர் ஒன்றை நாடாவால் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வோர் எண்ணையும் பேத்தியே இருபத்து நான்கால் வகுத்திருந்தாள். 1950களின் இறுதி முதல் 2014 மே மாதம் வரை கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்யப்பட்ட வண்டி அது; இனி வராது. முன்னாளில் ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவுக்கு வாடகைக்கு அமர்த்திய அம்பாசிடரில்தான் அக்குடும்பம் செல்லுமாம். பேத்தியின் தந்தைக்கு முதலில் இவ்வேலையில் விருப்பமில்லை. "கடையில் வாங்கினால் ஒரு நிமிடம். இதற்கு மூன்று மாதமா? தேர்வு வருகிறதே!" என்று கடிந்திருக்கிறார். ஒருநாள் பின்னிருக்கைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டக் கண்டவர், "அப்பா, அது பச்சை ரெக்சின் அல்லவா? வெயிலில் காலைச் சுட்டுவிடுமே!" என்றாராம். அன்றிரவு பழைய நிழற்படங்களைத் தேடி எடுத்தவரும் அவரே. பச்சைதான். அதன்பின் மேசைக்கு மூன்றாவது நாற்காலி வந்தது.

அவ்வண்டியின் பின்கண்ணாடியில் 'முருகன் துணை' என்று எழுதியிருந்ததாம். மாதிரியிலும் அதனை எழுத வேண்டும் என்பது பெரியவரின் விருப்பம். பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. உண்மை வண்டியில் 7 சென்டிமீட்டர் உயரமிருந்த எழுத்து மாதிரியில் 3 மில்லிமீட்டராகிவிடும். அத்தனை சிறிதாக எழுதுவதற்கு முதலில் பெரிதாக எழுதிப் பழக வேண்டும். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் நாள்தோறும் எழுதிப் பழகினாள். நாம் சென்ற அன்று, மூன்றே மயிர் விட்டுக் கத்தரித்த தூரிகையால் கண்ணாடியின்மேல் எழுதி முடித்திருந்தாள். பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"ன்-க்குப் புள்ளி வைக்கவில்லையே, கண்ணு" என்றார்.

"அத்தனை சிறிய புள்ளி யார் கண்ணுக்குத் தெரியும் தாத்தா?"

"தெரியாமல் போகட்டும். புள்ளி இல்லாவிட்டால் முருகன் 'முருகன' ஆகிவிடுவார். பிறகு அவர் எப்படித் துணைக்கு வருவார்?"

சிறுமி சிரித்துவிட்டு, குண்டூசியின் நுனியை வெள்ளை வண்ணத்தில் தொட்டுப் புள்ளியை வைத்தாள். அரை மில்லிமீட்டர் இருக்கும். பிறகு நம் பக்கம் திரும்பி, அவ்விரு சொற்களையும் எழுத்துக் கூட்டாமல் படித்துக் காட்டினாள். அடுத்து என்ன வண்டி என்று கேட்டோம். ஊருக்குப் போகும் பேருந்து என்றாள். பேருந்தில் ஊர்ப்பெயர்ப் பலகை இருக்கும். இருக்கை எண்ணும் பயணிகளுக்கான அறிவிப்புகளும் இருக்கும். எழுத வேண்டிய எழுத்து இன்னும் மிகுதி. பெற்றோர் கேட்ட கேள்விக்கு இதனினும் நல்ல விடை நமக்குக் கிடைக்கவில்லை.

கொலுவில் ஒரு சாலை

இக்கலை மேனாட்டிலிருந்து வந்தது என்று அயலாகக் கருதவும் வேண்டியதில்லை. நவராத்திரிக் கொலுப்படியின் அடியில் மணலைப் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, சாலையமைத்து வண்டிகளை நிறுத்தும் வழக்கம் நம் வீடுகளில் என்றும் உண்டு. மைசூர் நாட்டிலும் இதே நாட்களில் பொம்மை அடுக்கும் பண்டிகை நடப்பதால், அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளைகளும் கூடிவிடுவர். அப்பூங்காவில் செட்டியார் பொம்மை பேருந்தைவிடப் பெரிதாக அமர்ந்திருப்பார்; யாரும் குறை சொல்வதில்லை.

வரும் நவராத்திரியில், படிமேல் உள்ள பொம்மைகளை அவற்றின் மரபுப்படியே விட்டுவிட்டு, கீழேயுள்ள பூங்காவை மட்டும் ஒரே அளவில் அமைத்துப் பார்க்கலாம். ஐந்தரை அடி மனிதன் இருபத்து நான்கில் ஒரு பங்காயின் 7 சென்டிமீட்டர். அறுபத்து நான்கில் ஒரு பங்காயின் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. அவனுக்கேற்ற வீடு, அவன் ஏறும் கார், அவன் ஊரின் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் பிள்ளைகளே கணக்கிட்டு அட்டையில் வெட்டட்டும். சென்னபட்டணத்து மரக் கார் ஒன்றும் சாலையோரத்தில் நிற்கட்டும். விருந்தினருக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. பெயர்ப்பலகையில் எழுதுவதற்கு, தாத்தா பாட்டி பிறந்த ஊரின் பெயரைத் தமிழிலும், நாம் வாழும் ஊரின் பெயரைக் கன்னடத்திலும் பிள்ளைகள் இப்போதே எழுதிப் பழகத் தொடங்கலாம். நவராத்திரிக்குள் கை பழகிவிடும்.